தோளின் முன்னால் வலி, பின்னால் முடிச்சு: டிரை நீட்லிங் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது 44 வயதுப் பெண் ஒருவரின் வலது தோள் வலியைப் பற்றிய பதிவு. நான் ஃபிசியோதெரபிஸ்ட். அவருக்கு நான்கு முறை டிரை நீட்லிங் செய்தேன், அதாவது மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசையில் இறுகிய முடிச்சுக்குள் குத்தி எடுக்கும் சிகிச்சை. முடிவில் வலி பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அந்த நான்கில் முதல் இரண்டு முறையும், ஊசியை எடுத்த பிறகு செய்ய வேண்டியதை நான் சரியாகச் செய்யவில்லை. ஊசியை எங்கே, எப்படிக் குத்துவது என்று நாங்கள் நிறையப் படிக்கிறோம், பேசுகிறோம். குத்தி எடுத்த பிறகு வரும் மணி நேரங்களைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அந்தக் காரணத்துக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய அனுமதி பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## பின்னணி

என்னிடம் வரும்போது அவருக்கு வலி தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க கணினி முன்னால். வலி தோளின் முன்பக்கத்தில், உள்ளே ஆழத்தில் குடையும். சில நாள் மேல்கையின் வெளிப்பக்கம் வழியாக இறங்கி, கட்டைவிரல் பக்கமாக முன்கை வரை போகும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கியைப் போட முடியாது. இந்த இரண்டையும் அவர் சொன்ன விதத்தில், வலியைவிடத் தூக்கம் போனதுதான் அவரை அதிகம் உடைத்திருந்தது தெரிந்தது.

முதலில் கழுத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கழுத்து எம்.ஆர்.ஐ. படத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே லேசான பிதுக்கம் இருந்தது உண்மைதான். மூன்று வாரம் டிராக்‌ஷன் (கழுத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை), சூட்டு ஒத்தடம். பலன் இல்லை. பிறகு வேறோர் இடத்தில், தோளின் முன்பக்கம் அழுத்தினால் வலிக்கிறது என்பதால் மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் தசைநாண் அழற்சி என்று சொல்லி அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்ட நாட்களில் கொஞ்சம் பரவாயில்லை, நிறுத்தினால் பழையபடி.

அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை அவர் ஒரு தீர்ப்பு மாதிரி பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். அவரிடம் நான் சொன்ன ஒரு தகவலை இங்கேயும் சொல்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. படத்தில் பிதுக்கம் தெரிவதும், அதுதான் வலிக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல.

## முதல் நாள் பரிசோதனையில் கண்டது

கழுத்து எல்லாப் பக்கமும் தடையில்லாமல் திரும்பியது. தலையைச் சாய்த்து மேலிருந்து அழுத்திப் பார்த்தபோது கைக்கு வலி இறங்கவில்லை. கை நரம்புகளை இழுத்துப் பார்க்கும் சோதனையிலும் அவருடைய வலி வரவில்லை. தொடு உணர்வு, தசை பலம், அனிச்சைச் செயல் எல்லாம் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல் இருந்தன.

அடுத்து உறைந்த தோள், அதாவது தோள் மூட்டே இறுகி அசைய மறுக்கும் நிலை, இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. இந்த வயதுப் பெண்களிடம் அது அடிக்கடி வரும். கையை நானே வெளிப்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தேன், இடதுபக்கம் போலவே முழுமையாகப் போனது. உறைந்த தோளாக இருந்தால் முதலில் முடங்குவது அந்தச் சுழற்சிதான். சர்க்கரை நோய் இல்லை. எடை குறையவில்லை, இருமல் இல்லை, புற்றுநோய் வரலாறு இல்லை. தோள் வலி நுரையீரலின் உச்சியிலிருந்தும் வரலாம் என்பதால், இரவு வலி என்று யார் சொன்னாலும் இந்தக் கேள்விகளை நான் விடுவதில்லை.

முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகச் சொன்னேன். இடது கட்டைவிரல் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தொட்டது. வலது கட்டைவிரல் இடுப்பு எலும்பு மட்டத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசையை விரலால் குறுக்காக நீவிப் பார்த்தேன். நடுப்பகுதியில் ஒரு கயிறு போன்ற இறுக்கம். அதன் மேலேயே ஓர் இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தி, எடுக்காமல் காத்திருந்தேன். நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அவருடைய இடது கை தானாகவே வலது தோளின் முன்பக்கத்துக்குப் போனது.

“இதுதான் சார். நீங்கள் பின்னால் அழுத்துகிறீர்கள், எனக்கு முன்னால் வலிக்கிறது. இதே வலிதான்.”

அவர் தன் வலியை அடையாளம் கண்டுகொண்டதுதான் எனக்கு முக்கியம். முடிச்சை அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். நோயாளி “இதேதான்” என்று சொல்வது வேறு. இப்படிப்பட்ட முடிச்சுக்கு டிரிக்கர் பாயிண்ட் என்று பெயர். அதைப் பற்றிய அடிப்படைக் கையேட்டை எழுதிய ஜேனட் டிராவெலும் டேவிட் சைமன்ஸும் 1983-இல் வந்த அதன் முதல் தொகுதியிலேயே, இந்தத் தசையின் வலி தோளின் முன்பக்கம் ஆழத்தில் உணரப்படும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் வலிப்பதால் எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். கழுத்தை விட்ட பிறகு இவருக்கும் அப்படித்தான் பார்த்திருந்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விரலால் முடிச்சைக் கண்டுபிடிப்பதில் இரண்டு பேருக்குள் ஒத்த கருத்து வருவது கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடிச்சு என்பது உண்மையில் என்ன என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதனால் குறிப்பேட்டில் “காரணம் இதுதான்” என்று எழுதாமல், “இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், சிகிச்சை கொடுத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்” என்று எழுதினேன்.

## உடனே ஏன் ஊசி போடவில்லை

முதல் வாரம் கை அழுத்தம், சூடு, எளிய அசைவுப் பயிற்சிகள் மட்டும். அதற்கு இரண்டு காரணம். உடம்புக்குள் நுழையாத வழியில் தீருமானால் அதுவே நல்லது. அப்புறம், பல வருடம் முன்பு ரத்த தானம் செய்தபோது மயங்கி விழுந்ததாக அவர் சொல்லியிருந்தார். ஊசி என்றதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பயத்தோடு இருப்பவருக்கு முதல் நாளே ஊசி போடுவது நல்லதல்ல.

வேலை மேசை பற்றியும் அன்று பேசினேன். ஆனால் பேச்சுவாக்கில்தான். “மவுஸைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன். இது பின்னால் வரும்.

ஒரு வாரத்தில் இரவு வலி பத்துக்கு 7-லிருந்து 6 ஆனது. இந்த அளவுகோலில் 2 புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளி அதை நிஜமான முன்னேற்றமாக உணர்கிறார் என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். 1 போதாது. அப்போதுதான் டிரை நீட்லிங் பற்றிப் பேசினேன்.

அவருக்கு விளக்கியது சுருக்கமாக இதுதான்: ஊசியில் மருந்து எதுவும் கிடையாது, அதனால்தான் “டிரை”. அக்குபங்சரில் பயன்படும் அதே மெல்லிய ஊசிதான், ஆனால் குத்தும் இடத்தைத் தீர்மானிப்பது தசையும் முடிச்சும். ஊசி முடிச்சைத் தொடும்போது தசை ஒருமுறை தானாகத் துள்ளும், அது எதிர்பார்ப்பதுதான். பிறகு ஒன்றிரண்டு நாள் அடிபட்டது போல் வலிக்கும். அரிதாக, மார்புக்கு அருகே குத்தும்போது நுரையீரல் உறையில் துளை விழும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரா, கர்ப்பமா, அந்தப் பக்கம் மார்பக அறுவையோ அக்குள் நிணநீர்ச் சுரப்பி நீக்கமோ நடந்திருக்கிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லை. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதம் சொன்னார்.

ஃபிசியோதெரபிஸ்ட் டிரை நீட்லிங் செய்யலாமா என்பதில் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் ஒரு மாதிரி, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம்கூட வேறு. இதைப் படிக்கும் இளைய ஃபிசியோக்கள் அதற்கான தனிப் பயிற்சி இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது.

## முதல் ஊசி: எட்டாம் நாள்

சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். மயங்கிய வரலாறு இருப்பதால் உட்கார வைக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வலது கை ஒரு தலையணை மேல். ஊசி 0.30 மில்லிமீட்டர் பருமன், 40 மில்லிமீட்டர் நீளம். தோலைத் துடைத்து, கையுறை போட்டு, முதலில் ஊசியை எடுக்காமல் விரலால் எல்லைகளைக் குறித்துக்கொண்டேன்: தோள்பட்டை எலும்பின் மேல்மேடு, முதுகெலும்புப் பக்க ஓரம், வெளி ஓரம். இந்தத் தசைக்கு அடியில் தட்டையாக எலும்பு இருக்கிறது. ஊசி அந்த எலும்பை நோக்கியே போக வேண்டும். எலும்பின் ஓரத்தைத் தாண்டி வழுக்கினால் அடுத்து இருப்பது விலா எலும்புகளின் இடைவெளி.

வழிகாட்டிக் குழாயை வைத்து ஒரு தட்டு. “எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை” என்றார். ஊசியை மெல்ல இறக்கினேன். முதல் இரண்டு முறை ஒன்றும் இல்லை. சற்றுப் பின்னிழுத்து, கோணத்தைக் கொஞ்சம் மாற்றி மூன்றாவது முறை இறக்கியதும் என் இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே தசை படக்கென்று துள்ளியது. அதே நொடியில் அவர், “முன்னால் சுரீரென்று போச்சு” என்றார். மேலும் ஐந்தாறு துள்ளல்கள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது. ஏழாவதற்கு ஒன்றும் வரவில்லை, எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பஞ்சை வைத்து அழுத்தியபடியே “போட்டது ஒன்று, எடுத்தது ஒன்று” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரே ஊசியாக இருந்தாலும் எண்ணிச் சொல்வது என் பழக்கம்.

ஐந்து நிமிடம் படுக்க வைத்துவிட்டு எழுப்பினேன். கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். இடுப்பில் நின்றிருந்த கட்டைவிரல் முதுகின் நடு வரை ஏறியது. அவர் கையை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார், மூன்று முறை. கண்ணில் தண்ணீர் நின்றது. வலி 6-லிருந்து 2.

எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு செய்தேன். “ரெண்டு நாள் வலிக்கும், கைக்கு ஓய்வு கொடுங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம் பார்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள்” என்று அனுப்பிவிட்டேன்.

## திரும்பி வந்த வலி

இரண்டு நாள் சொன்னபடி வலித்தது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள் இரவுகளில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். ஆறாம் நாள் வலி லேசாகத் தலைகாட்டியது. எட்டாம் நாள் என் எதிரே உட்கார்ந்து “5” என்றார். குரலில் ஏமாற்றம்.

என்ன நடந்தது என்று கேட்டபோது, கை லேசாக இருந்ததால் தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் உட்கார்ந்து முடித்ததாகச் சொன்னார். மூன்று நாளும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகம். வலி குறைந்த கையை, வலிக்குக் காரணமான அதே வேலைக்கு, இன்னும் அதிகமாக நான் அனுப்பிவைத்திருக்கிறேன்.

இது நான் அறியாததும் அல்ல. செக் மருத்துவர் கரேல் லெவிட் 1979-இல் எழுதிய கட்டுரை இந்தச் சிகிச்சைக்கு ஒரு தொடக்கப் புள்ளி. அதுவரை மருந்து செலுத்தும் ஊசிக்குக் கிடைத்த பெருமை, மருந்தில்லாத ஊசிக்கும் உரியது என்று அவர் வாதிட்டார். 241 நோயாளிகள், வலி இருந்த 312 இடங்கள். மிகவும் வலிக்கும் புள்ளியை ஊசி தொட்டபோது 86.8 சதவீதத்தில் அங்கேயே வலி அடங்கியது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதே கட்டுரையில் தொடர்ந்து கவனித்த 288 இடங்களில் நிலையான நிவாரணம் கிடைத்தது 92-இல் மட்டும், அதாவது மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. மற்றவற்றில் 58-க்குச் சில மாதங்கள், 63-க்குச் சில வாரங்கள், 32-க்குச் சில நாட்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத பழைய ஆய்வுதான். ஆனாலும் அந்த இரண்டாவது எண்ணை முதல் ஊசிக்கு முன்பே நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்த மூன்று நல்ல நாட்களை அவர் குணமானதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

## இரண்டாவது ஊசியும் அன்றிரவு வந்த அழைப்பும்

15-ஆம் நாள். வலி திரும்பியதற்கு நான் தேடிய விளக்கம், “இன்னொரு முடிச்சைத் தவறவிட்டுவிட்டேன்” என்பது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே பிடிப்பாக இருப்பதாக அவரும் சொன்னார். இன்ஃப்ராஸ்பைனேட்டஸோடு ட்ரபீசியஸின் மேல்பகுதியிலும் ஊசி போட முடிவு செய்தேன். இன்று யோசித்தால் அதற்கு வலுவான காரணம் இல்லை. அந்தத் தசையை அழுத்தியபோது அவர் “இதே வலி” என்று சொல்லவில்லை. “அங்கேயும் வலிக்கிறது” என்றுதான் சொன்னார். நானே முக்கியம் என்று எழுதிவைத்த வேறுபாட்டை நானே கவனிக்கவில்லை.

முறையில் குறை இல்லை. தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பிடித்து மேலே தூக்கி, பிடித்த சதைக்குள்ளேயே ஊசி நிற்கும்படி, நுரையீரல் உச்சியிலிருந்து விலகிய கோணத்தில் போட்டேன். இரண்டு துள்ளல், எடுத்துவிட்டேன். அவரும் நன்றாக நடந்துபோனார்.

ஒன்பது மணி நேரம் கழித்து இரவில் போன் வந்தது.

“சார், மூச்சை இழுத்தால் முதுகில் குத்துகிறது.”

“மூச்சு வாங்குகிறதாம்மா?”

“தெரியவில்லை சார். பயத்தில் வாங்குகிற மாதிரி இருக்கிறது.”

இருமல் உண்டா, எந்தப் பக்கம், படுத்தால் கூடுகிறதா என்று கேட்டேன். இருமல் இல்லை, வலப்பக்கம், படுக்கவே பயமாக இருக்கிறது என்றார்.

பெரும்பாலும் இது தசை வலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அயர்லாந்து ஃபிசியோதெரபிஸ்ட்கள் 7,629 சிகிச்சைகளைப் பதிவுசெய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 1,463 முறை, ஏறக்குறைய 19 சதவீதம், லேசான பக்க விளைவுகள் இருந்தன. கன்றிப்போதல், ரத்தக் கசிவு, வலி இவைதான் முக்கியமானவை. பெரிய பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் நுரையீரல் உறையில் துளை விழுந்த தனிப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. அறிகுறி ஊசி போட்ட உடனேயும் வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். தொலைபேசியில் நான் அவருடைய நுரையீரலைக் கேட்க முடியாது. மார்புக்கு அருகே ஊசி போட்டவன் நான், மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்கிறார் அவர். இந்த இரண்டும் சேர்ந்தால் வீட்டில் காத்திருக்கச் சொல்வது தவறு.

“இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள்” என்றேன். எத்தனை மணிக்கு, எந்தத் தசையில், எவ்வளவு நீள ஊசி, எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பி, அதை அங்கே மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். “தோள் வலி” என்று மட்டும் சொன்னால் அவசரப் பிரிவில் நுரையீரலை யாரும் நினைக்காமல் போகலாம்.

ஆக்சிஜன் அளவு 98. மார்பு எக்ஸ்ரே சுத்தம். சின்னத் துளை ஆரம்பத்தில் படத்தில் தெரியாமல் போகலாம் என்பதால் சில மணி நேரம் கவனிப்பில் வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. தசை வலி என்று சொல்லி விடியற்காலையில் அனுப்பினார்கள். மறுநாள் மாலைக்குள் அந்தக் குத்தல் அடங்கிவிட்டது.

எனக்கு உறுத்தியது வேறு. ஆபத்தை நான் முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சொன்னது ஒரு வாரம் முன்பு, ஊசிப் பயத்தில் இருந்தவரிடம், பத்து விஷயங்களோடு சேர்த்து. “அன்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை சார்” என்று பிறகு சொன்னார். குத்தல் சாயங்காலமே தொடங்கிவிட்டதாம். இரவு வரை பொறுத்துப் பார்த்திருக்கிறார். அது நிஜமாகவே நுரையீரலாக இருந்திருந்தால், அந்த நான்கு மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

## நிறுத்தி யோசித்த இரண்டு வாரம்

ஊசியை நிறுத்தினேன். அவருக்கும் இடைவெளி தேவைப்பட்டது. முதல் நாள் ஒரு வரியில் கடந்துபோன மேசைக்கு இப்போதுதான் வந்தேன். வேலை செய்யும்போது பக்கத்திலிருந்து யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

படத்தைப் பார்த்ததும் விளங்கியது. எண் பலகையோடு கூடிய முழு நீள கீபோர்டு. அதற்கும் வலப்புறம், ஒரு கோப்பைத் தாண்டி மவுஸ். முழங்கை உடம்பிலிருந்து விலகி, முன்கை வெளிப்பக்கம் திரும்பி, எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. கையை அப்படி வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து வைப்பதே இன்ஃப்ராஸ்பைனேட்டஸின் வேலை. நாள் முழுக்க அது அந்த வேலையைச் செய்திருக்கிறது.

எண் பலகை இல்லாத சின்ன கீபோர்டை வாங்கச் சொன்னேன். “கணக்குப் போடுகிறவளுக்கு எண் பலகை இல்லாமல் முடியாது சார்” என்றார். நியாயம்தான். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார்: மவுஸை இடது கைக்கு மாற்றினார். பத்து நாள் தடுமாறினார், வேலை மெதுவானது, மேலதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டிவந்தது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. இந்த இரண்டு வாரத்தில், ஊசி இல்லாமலேயே, வலி 5-லிருந்து 4-க்கு இறங்கியது.

## மூன்றாவது, நான்காவது ஊசி

29-ஆம் நாள் மூன்றாவது. இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் மட்டும். இரவில் மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகும் அவர் சம்மதித்தார். முடிவு உங்களுடையது, வேண்டாம் என்றாலும் பயிற்சியோடு தொடரலாம் என்று சொல்லித்தான் கேட்டேன். தசையைத் தொடும் இடமும் முறையும் முதல் தடவை போலவே. மாறியது அதற்குப் பின்னால் உள்ள அரை மணி நேரம்.

ஊசியை எடுத்து, பத்து நிமிடம் சூடு வைத்து, அங்கேயே பயிற்சியைத் தொடங்கினோம். முதலில் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, புறங்கையால் சுவரைத் தள்ளுவது. கை அசையாது, தசை மட்டும் வேலை செய்யும். பத்து விநாடி வீதம் ஐந்து முறை. பிறகு ஒருக்களித்துப் படுத்து அரை கிலோ எடையோடு முன்கையை மேலே தூக்குவது. தூக்குவதைவிட இறக்குவது மெதுவாக இருக்க வேண்டும். கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைப் பிடித்து இடது கையால் மேலே இழுப்பது, வலி 3-ஐத் தாண்டாமல். ஊசியால் வலி அடங்கியிருக்கும் அந்த மூன்று நாலு நாள்தான் தசை பயத்தை விட்டு வேலை செய்யும் காலம். அதை முதல் முறை நான் வீணடித்திருந்தேன். இந்த முறை அன்றைக்கே தொடங்கி, வீட்டில் தினம் மூன்று வேளை. மறுநாள் நானே போன் செய்து விசாரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, 43-ஆம் நாள், வலி 2. முடிச்சு சின்னதாக இன்னும் இருந்தது, நான்காவதும் கடைசியுமான ஊசி அன்று. இரண்டே துள்ளல். அதற்குப் பிறகு எலாஸ்டிக் பட்டையோடு பயிற்சி மட்டும்தான்.

## விளைவு

பன்னிரண்டாவது வாரத்தில் இரவு வலி 1. வலப்பக்கம் படுத்துத் தூங்குகிறார். வலது கட்டைவிரல் இடதுகையின் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை குறைவாக ஏறுகிறது. கொக்கி போட முடிகிறது. ஆறு மாதத்தில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரங்களில் ஒருமுறை வலி எட்டிப்பார்த்தது. சுவருக்கும் தோள்பட்டைக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்து அழுத்தி, பயிற்சியைக் கூட்டி, நான்கு நாளில் தானே சரிசெய்துகொண்டார். என்னிடம் வரவில்லை, போனில் சொன்னார். அது எனக்கு மிகப் பிடித்த போன் அழைப்பு.

இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மவுஸ் இடம் மாறியது, பயிற்சி, ஊசி, நாள் போக்கு எல்லாம் கலந்திருக்கிறது. ஃபிசியோதெரபிஸ்ட்கள் செய்யும் டிரை நீட்லிங் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த மதிப்பாய்வும், 12 வாரம் வரையிலான வலிக் குறைவில் அது சிகிச்சை இல்லாமையைவிடவும் போலி ஊசியைவிடவும் மேல், சான்றின் தரம் மிகக் குறைவு முதல் நடுத்தரம் என்றுதான் சொல்கிறது. ஊசியே குணப்படுத்தியது என்று இந்த ஒருவரை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஊசி சில நாட்களை வாங்கித் தந்தது என்று சொல்வேன்.

## இப்போது மாற்றிக்கொண்டவை

வேலை மேசையின் படம் இல்லாமல் யாருக்கும் ஊசியைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஊசிக்கு நேரம் ஒதுக்கும்போதே பின்னால் அரை மணி நேரப் பயிற்சியையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறேன். அந்த நேரம் இல்லையென்றால் ஊசி இன்னொரு நாள். “அங்கேயும் வலிக்கிறது” என்பதற்காக ஊசி போடுவதில்லை, மார்புக்கு மேலுள்ள தசைகளில் நிச்சயமாக இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் போட்டால் அன்று மாலையே நான் போன் செய்கிறேன்.

அப்புறம், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள். கன்றிப்போகலாம், இரண்டு நாள் வலிக்கலாம், சூடு வைக்கலாம், பயிற்சியை விடக் கூடாது என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் மூச்சு பற்றி எழுதியிருந்தேன். முதல் பிரதியை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுப் பேனாவை எடுத்து, கடைசி வரியிலிருந்து தாளின் உச்சிக்கு ஒரு அம்புக்குறி போட்டார். “நான் கடைசி வரி வரைக்கும் படித்திருக்க மாட்டேன் சார்” என்றார். இப்போது அந்தத் தாளின் முதல் வரி, பெரிய எழுத்தில்: “மூச்சை இழுக்கும்போது வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, எந்த நேரமானாலும், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்தத் தாளை அங்கே காட்டுங்கள்.”